எட்டாம் மாடிக்கு வராத புகை

"மிஸ், புகை வந்திட்டுதா?"

"வந்திட்டுது."

"எத்தினயாம் மாடிக்கு?"

"எட்டாம் மாடிக்கு."

கீழே ஒழுங்கையில் நின்ற ஷிஹான் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் காதில் வைத்தான்.

"அப்ப வரக்கூடாத எடத்துக்கு நல்லா வந்தீக்குது எண்டு செல்லுங்க."

எட்டாம் மாடிப் பல்கனியில் நின்ற உஷாந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பதில் சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு பக்கத்திலும் ப்ளாட் கொமிட்டிக்காரர்கள் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். அதிலும் தலைவர் பாலசுந்தரம் இருமின இருமல் சாதாரண இருமல் இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் பிறகு சுற்றிப் பார்த்தார், எல்லாருக்கும் கேட்டதோ என்று.

"போதும் பிள்ளை," என்றார் அவர். "அந்தத் தேங்காய்ப் பொச்சு மட்டை நெருப்பை நூக்கச் சொல்லும். நீரே செய்து காட்டிப் போட்டீர். புகை எட்டாம் மாடிக்கு வரும். நேற்றும் வந்தது. நான் இருமினனான். ஆனா ஒரு ஆளுக்கு மட்டும் வரேல்லையாம்."

அந்த ஒரு ஆள் குசினிக் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். சீனியம்மா. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருசமாக எட்டாம் மாடியின் இடப்பக்க வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்காரர் டொரொண்டோவில். வலப்பக்க வீடு பாலசுந்தரத்தினது.

"மத்தியானம் வேன் வரும்," என்றார் பாலசுந்தரம். "ஏறிப் போகட்டும். பிள்ளையாரைத் திருப்பித் தந்தால் பொலிசுக்குப் போகமாட்டம். அது கொமிட்டியின்ர பெருந்தன்மை."

பெருந்தன்மையானவர்கள் இருமிக்கொண்டே லிப்டுக்குப் போனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். நேற்று விடியப்புறம், வெயில் ஏற முதல், டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கிறவர்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். டீசல் மணத்தோடு வெள்ளைவெளேரென்று புகை. வாசல் வோச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, பஸ் ஓடுகிற காலி வீதிப் பக்கம் ஓடிவிட்டார். கீழ்மாடியில் வைத்த கமராவில் வெறும் வெள்ளை. புகை கலைந்த பிறகு பார்த்தால், வாசல் மாடத்தில் இருந்த ஐம்பொன் பிள்ளையாரைக் காணவில்லை. ஒன்றரைச் சாண் பிள்ளையார். கடைக்குப் போகிற பையில் கொள்ளுவார்.

தினமும் அவருக்குப் பூ வைக்கிறவள் சீனியம்மா. நேற்று வைக்க வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "கீழ ஒரே புகையா கிடந்துச்சுங்க, அடங்கட்டும்னு பல்கனியிலேயே நின்னேன், இங்க மேல புகை வரல" என்றாள். பாலசுந்தரம் அங்கேதான் பிடித்தார். அதே மாடியில் இருந்த நான் மூச்சுவிட முடியாமல் கதவைச் சாத்தினேன், இவளுக்குப் புகையே வரவில்லையாம், அப்படியென்றால் இவள் வீட்டிலேயே இல்லை, பிள்ளையாரோடு எங்கேயோ போயிருக்கிறாள் என்றார். கொமிட்டிக்கு அது சரியாகப் பட்டது. கொமிட்டிக்குத் தலைவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் படும்.

உஷாந்தியைக் கூப்பிட்டது டொரொண்டோ வீட்டுக்காரர். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, 'தனியார் விசாரணை' என்று பலகை போட்டிருக்கிறவள் உஷாந்தி. விசாரணை என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. லண்டன் மாப்பிள்ளை லண்டனில்தான் இருக்கிறாரா, ஏற்கெனவே அங்கே ஒரு லண்டன் பெண்சாதியும் இருக்கிறாவா, அந்த மாதிரி. அவளுக்கு உதவியாளன் ஷிஹான். ஓட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. எட்டாம் மாடிக்குப் புகை ஏறாது என்று காட்ட, ஒழுங்கையில் பொச்சு மட்டை எரித்ததும் அவன்தான்.

அவன் மேலே வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் கரி.

"மிஸ், ஒரு விசயம் செல்லவா? நாங்க சீனியம்மாக்காவக் காப்பாத்த வந்த. இப்ப நாங்களே வேன்ல ஏத்தி விட்டீக்குறோம்."

"வாயை மூடு."

"மூடினா புகை போகாது. நல்ல யோசனை."

சீனியம்மா ஒரு பேக்கில் உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். உஷாந்தி அவளுக்கு முன்னால் நிலத்திலேயே குந்திக்கொண்டாள்.

"சீனியம்மா, நேற்றுப் பார்த்ததைத் திரும்பச் சொல்லுங்கோ. கூட்டாம குறைக்காம."

"எத்தனை வாட்டிங்கம்மா சொல்றது? பல்கனியில நின்னேன். கீழ பாத்தா பாலாடை மாதிரி வெள்ளையா படிஞ்சு கிடந்துச்சு. பக்கத்து வளவுத் தென்னை மரத்துத் தலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு மேல சுத்தமா இருந்துச்சுங்க. பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போவுது? கள்ளின்னு பேரு வச்சு அனுப்பினா, இந்தக் கொழும்புல இனி எந்தக் கதவுங்க எனக்குத் திறக்கும்?"

"தென்னை மரத்துத் தலை வெளியால தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சுச்சுங்க."

உஷாந்தி எழும்பிப் பல்கனிக்குப் போய்ப் போனை எடுத்தாள். ஹெவ்லொக் டவுனில் ரியூசன் நடத்துகிற சிவானி, உயர்தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறவள், பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவள்.

"சிவானி, புகை ஏன் மேல போறேல்ல?"

"உஷா, எனக்கு வகுப்பு நடக்குது."

"ஒரு நிமிசம். நேற்றுத் தென்னை மரத்தைத் தாண்டாத புகை, இண்டைக்கு எட்டுக்கு வருது."

"முந்தநாள் இரவு வானம் எப்பிடி?"

"நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. காத்தும் இல்லை."

"நேற்று இரவு?"

"முகில். விடிய விடியத் தூறல். கடற்காத்து வேற."

"பிறகென்ன என்னைக் கேக்கிறாய்? நழுவு வீதம் எண்டு நான் மூண்டு கிழமை தொண்டைத் தண்ணி வத்தப் படிப்பிக்கிறன், நீ ஒரு நிமிசத்தில கேக்கிறாய். சரி, கேள். வழமையா மேல போகப் போகக் காத்து குளிரும். எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு குளிருது எண்ட கணக்குத்தான் நழுவு வீதம். மேல ஏறுற காத்தும் விரியும், விரிஞ்சு குளிரும். ஏறி வந்த காத்து, சுத்தி நிக்கிற காத்தைவிடச் சூடாயிருந்தால் இன்னும் ஏறும். சுத்தி நிக்கிறது சூடாயிருந்தால் இது பாரம். அப்பிடியே நிண்டிடும். விளங்குதோ?"

உஷாந்தி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஷிஹான் தலையை நீட்டினான்.

"எனக்கு விளங்குது டீச்சர். எங்கட ஒழுங்கையில பெரிய ஆள் ஒருத்தன், பணக்காரங்க ஈக்குற கொழும்பு ஏழுக்குப் போற மாதிரி. இங்க அவன்தான் சூடு. அங்க போய் நிண்டா அவனையே டிரைவர் எண்டு நினைச்சுக் காரை எடுக்கச் செல்லுவாங்க. பேசாம எறங்கி வந்திடுவான்."

"ஆர் அது?" என்றாள் சிவானி. "என்ர வகுப்பில இருக்கிறதுகளைவிடப் பரவாயில்லை. அதேதான். முகில் ஒரு போர்வை. போர்வையில்லாத இரவில நிலம் சூட்டை விட்டுப்போட்டு விறைச்சுப் போகும். அதில ஒட்டியிருக்கிற காத்தும் குளிரும். கொஞ்சம் மேல இருக்கிற காத்து சூடாவே இருக்கும். கணக்குத் தலைகீழாப் போச்சோ, அதுதான் நேர்மாறல். சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வெயில் ஏறும்வரை புகை மூடிக்குக் கீழதான். நுளம்புக்காரர் ஏன் விடியப்புறம் வருகினம் எண்டு நினைச்சாய்? உங்களை நித்திரையால எழுப்பவோ?"

"அப்ப நான் இண்டைக்கு எரிச்சது?"

"முகிலுக்குக் கீழ, காத்துக்குள்ள, நெருப்பு மூட்டி எரிச்சிருக்கிறாய். மூடியில்லாத நாளில மூடியைத் தேடியிருக்கிறாய். அதுவும் சுடுபுகை. ஏறாமல் என்ன செய்யும்?"

"நேற்று மூடி இருந்தது எண்டதை இப்ப எப்பிடி நிரூபிக்கிறது?"

"அது துப்பறியிற ஆக்களின்ர வேலை. எனக்கு மூண்டாம் வாங்கில ஒருத்தன் குறட்டை விடுறான்."

போன் வெட்டுப்பட்டது.

"மிஸ்," என்றான் ஷிஹான், "நேத்துக் காலையில ஈந்த காத்த இன்டைக்கு எங்க போய்ப் புடிக்கிற?"

"தெரியேல்ல. நட. படியால போவம், லிப்டில அந்தாள் இருமிக்கொண்டு நிப்பார்."

மூன்றாம் மாடியில் ஒரு பெண் படியை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் ஈரம் சொட்டும் பெட்சீற். ரிஸ்லா. இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், ஒரு பழைய வோஷிங் மெஷின்.

"நீங்கதானே பொச்சு எரிச்ச?"

ஷிஹான் ஒரு படி பின்னுக்கு ஏறினான். "இல்ல தாத்தா, நான் சும்மா பக்கத்துல நிண்ட." அவன் வீட்டுப் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"மொகத்துல கரியோட சும்மா நிண்ட! முந்தநாள் ராவு உலத்தினதெல்லாம் நுளம்புப் புகையில ஒரே டீசல். திரும்பக் கழுவின. காயப் போட்ட. இன்டைக்கு உங்கட பொச்சுப் புகை! மூணாந் தரம் கழுவுறன். மெஷின் ஒடஞ்சா நீங்களா வந்து அடிச்சுத் தோய்ப்பீங்க?"

"தோய்ப்பான்," என்றாள் உஷாந்தி. அவள் குரல் மாறியிருந்தது. "நேற்றுக் கொடியில கிடந்ததெல்லாம் டீசல் மணந்ததோ?"

"மணக்காமப் பின்ன? பல்கனி முழுக்கப் புகை."

"கீழ்மாடிகளில?"

"எல்லாருக்கும் அதே கூத்துத்தான். ரெண்டாம் மாடியில புது யூனிபோம் போச்சு."

"நாலாம் மாடியில?"

ரிஸ்லா கொஞ்சம் யோசித்தாள். "அவங்க கழுவினதக் காணல்லயே. அவங்கட லைன் என்ட தலைக்கு நேர மேல. கழுவிப் போட்டா எனக்குத்தான் சொட்டும். நேத்து ஒரு சொட்டும் விழல்ல."

உஷாந்தி ஷிஹானைப் பார்த்தாள். ஷிஹான் உஷாந்தியைப் பார்த்தான்.

"காத்தைப் பிடிச்சாச்சு," என்றாள் அவள். "உடுப்பில காய்ஞ்சு கிடக்குது."

வெள்ளவத்தையில் உடுப்பு உலராத பல்கனி கிடையாது. முந்தநாள் இரவு, மழையில்லாத இரவு, எல்லாரும் உலர்த்தியிருந்தார்கள். உஷாந்தி ஒவ்வொரு மாடியாக மணியை அடித்து ஒரேயொரு கேள்வி கேட்டாள்: நேற்று உடுப்பைத் திரும்பத் தோய்த்தீர்களா? நாலாம் மாடி, இல்லை. ஐந்தாம் மாடி, ஏன் தோய்க்க வேணும்? ஆறாம் மாடியில் ஒரு பேராசிரியர் கதவைத் திறந்து, "என் உடுப்பைப் பற்றி உமக்கென்ன?" என்று கேட்டார். ஷிஹான் அதற்குள் உள்ளே புகுந்து, கொடியில் கிடந்த அவருடைய துவாயை மணந்து பார்த்துவிட்டு, "சவர்க்காரம், சேர்" என்று அறிக்கை தந்தான். ஏழாம் மாடியில் ஒரு பாட்டு வாத்தியாரம்மா. "நுளம்புக்குப் புகை அடிச்சவையோ? எப்ப?"

"மிஸ், மூணோட நிண்டீக்குது. மூடி நாலாம் மாடிக்குக் கீழ."

"ஓம். இப்ப எட்டு. வலப்பக்கம்."

கதவைத் திறந்தது ஜெகதீஸ்வரி, பாலசுந்தரத்தின் மனைவி. தலைவரைப் போலவே உயரம், தலைவரைவிட நல்ல மனம்.

"வாங்கோ பிள்ளை, அவர் கீழ. வேன்காரனோட கதைச்சுக்கொண்டு நிக்கிறார். தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"வேண்டாம் ஆன்ரி. ஒரு கேள்வி. நேற்று நுளம்புப் புகைக்குப் பிறகு உடுப்பெல்லாம் திரும்பத் தோய்ச்சனீங்களோ?"

"ஏன் தோய்ப்பான்? பல்கனியில கிடந்ததெல்லாம் நல்லாத்தானே இருந்தது. இப்பதான் மடிச்சு வைச்சனான்." ஜெகதீஸ்வரி கொஞ்சம் நிறுத்தினாள். "இவற்ற சாரம் ஒண்டைத் தவிர. சீ, என்ன மணம்! கராஜில உருண்ட மாதிரி. ஊறப் போட்டிருக்கிறன், இன்னும் போகேல்ல."

"கொடியில கிடந்த சாரமோ?"

"இல்லையம்மா. அவர் உடுத்திருந்த சாரம்."

ஷிஹான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு வந்தால் அவன் அப்படித்தான் சுவரைப் பார்ப்பான்.

கீழே வேன் வந்து நின்றது. சீனியம்மாவின் பேக் ஏற்கெனவே சீற்றில் ஏறியிருந்தது. அவள் வெற்று மாடத்துக்கு முன்னால் நின்று, வழக்கத்தில் கையைக் கூப்பப் போய், ஆள் இல்லாததைப் பார்த்துக் கையைக் கீழே விட்டாள். கொமிட்டிக்காரர்கள் வழியனுப்ப நின்றார்கள்.

"ஐயா," என்றாள் உஷாந்தி, "போக முதல் ஒரு சின்னச் சந்தேகம். நேற்றுப் புகை அடிக்கேக்க எங்க நிண்டனீங்கள்?"

பாலசுந்தரம் கொமிட்டியைப் பார்த்துச் சிரித்தார். "எத்தினை தரம் சொல்லுறது? என்ர பல்கனியில. கண் எரிஞ்சது. தலையிடிச்சது. கையை நீட்டினால் கை தெரியேல்ல."

"டீசல் மணந்ததோ?"

"பின்னை? நெஞ்சுக்குள்ள போட்டுது."

"நேற்றுப் புகை மூண்டாம் மாடிக்கு மேல ஏறேல்ல ஐயா. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு ஒருத்தருக்கும் மணக்கேல்ல. ஒரு உடுப்புத் திரும்பத் தோய்க்கேல்ல. எட்டாம் மாடிக்கு மட்டும் எப்பிடி வந்தது?"

"லிப்டில வந்தீக்கும்," என்றான் ஷிஹான்.

"நீ பேசாமல் நில்! இண்டைக்கு வந்ததுதானே, எல்லாரும் கண்டதுதானே!"

"இண்டைக்கு முகில் நாள். நேற்றுப் புகைக்கு மூடி போட்ட நாள். பரவாயில்லை, அதை விடுவம். உங்கட பல்கனியில கிடந்த உடுப்பு ஒண்டிலயும் டீசல் இல்லை. நீங்கள் உடுத்திருந்த சாரத்தில இருக்கு." உஷாந்தி ஒரு அடி கிட்டப் போனாள். "புகையைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி ஐயா. கண் எரிஞ்சதும் சரி, கை தெரியாததும் சரி. அங்கதான் பிழைச்சது. மேல நிண்ட ஆளுக்கு இதொண்டும் தெரிய வழியில்லை. பொய் சொன்னது எண்டு நீங்கள் வேனில ஏத்துற மனுசிதான் மேல நிண்டது. நீங்கள் கீழ நிண்டனீங்கள். இந்த மாடத்தடியில."

பாலசுந்தரம் வாயைத் திறந்தார். திரும்பவும் இருமினார்.

லிப்ட் திறந்தது. ஜெகதீஸ்வரி, கையில் போன்.

"இஞ்சருங்கோ, மகன் உமாசுதன் போன் எடுக்கிறான். அப்பா நேற்றுக் கொண்டுவந்து வைச்சவருக்குச் செவ்வரத்தம்பூ வைக்கலாமோ, அறுகம்புல்லுத்தான் வேணுமோ எண்டு கேக்கிறான். ஆரை வைச்சனீங்கள்?"

கொமிட்டிக்காரர்கள் எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"களவெண்டு சொல்லாதேங்கோ," என்றார் பாலசுந்தரம் கடைசியில், மெல்லிய குரலில். "அது... அது ஒரு சம்பிரதாயம். வாங்கி வைக்கிற பிள்ளையார் நித்திரையாம். எடுத்து வைக்கிற பிள்ளையார்தான் வேலை செய்வாராம். சாத்திரியார் சொன்னவர். பெடியன் கொட்டாஞ்சேனையில ஜிம் திறந்து ஒரு சனம் வரேல்ல. நாலு சனம் சேர்ந்த பிறகு கொண்டுவந்து வைச்சிருப்பன். திருப்பி வைக்கிறதும் சம்பிரதாயம்தானே."

"பிள்ளையாரை எடுத்தது சம்பிரதாயம்," என்றாள் உஷாந்தி. "சீனியம்மாவைக் கள்ளி எண்டது எந்தச் சம்பிரதாயம்?"

அவர் பதிலுக்கு ஓட்டோவில் போய் ஏறிக்கொண்டார்.

ஷிஹானின் ஓட்டோ கொட்டாஞ்சேனைக்குப் போன வேகத்தில் பின்சீற்றில் இருந்த தலைவர் இரண்டு தரம் முருகா என்றார். ஜிம்மில் கண்ணாடிகள், இரும்புகள், உமாசுதன், வேறு ஒருவருமில்லை. ரெட்மில்லுக்குப் பக்கத்தில், ஸ்டூலில், பட்டுத்துணி கட்டி, பிள்ளையார்.

"இந்த ஜிம்மில சேர்ந்தும் தொந்தி குறையாத ஒரே ஆள்," என்றாள் உஷாந்தி.

"நான் ஒண்டும் செல்லல்ல மிஸ். சாட்சி ஈக்குது. நான் ஒண்டுமே செல்லல்ல."

திரும்பி வந்தபோது வேன் இன்னும் நின்றது. சீனியம்மா வாசற்படியில் இருந்தாள். கொமிட்டி கூடிக் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பொருளாளர் சாந்தகுமார் முன்னுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, பிள்ளையார் வந்திட்டார். அதுதான் முக்கியம். இது வெளியில போனால் ப்ளாட்டுக்கே வெக்கம். நாங்கள் என்ன யோசிச்சமெண்டால், அவர் தானாகப் போய்த் தானாக வந்திட்டார் எண்டு சொல்லுவம். ஒரு அற்புதம். வெள்ளிக்கிழமை ஒரு விசேட பூசையும் வைப்பம்."

"தலைவருக்கு?"

"தலைவர் தலைவராகவே இருக்கட்டும். சீனியம்மாவும் இருக்கட்டும். ஆருக்கும் நட்டமில்லை."

உஷாந்தி வாயைத் திறக்க முதல் சீனியம்மா எழும்பினாள். கொமிட்டி கேட்காமல் அவள் தானாகப் பேசினதை அன்றைக்கு முன் யாரும் கேட்டதில்லை.

"சாமி தானா வந்துச்சுன்னு சொன்னீங்கன்னா, என்னைய நேத்துக் கள்ளின்னது அப்படியே நிக்குமேங்க. நாளைக்கு ஒரு கரண்டி காணாமப் போனாலும் என் பேருதானே வரும்? சாமிக்கு நீங்க அற்புதம் செய்யுங்க. எனக்கு ஐயா வாயால ஒரு வார்த்தை வேணும்."

பாலசுந்தரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க."

"நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுறன்."

"வேன்காரத் தம்பிக்கே கேக்கலைங்களே."

தலைவர் மனைவியைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு, "சத்தமாச் சொல்லுங்கோவன், நேற்று இருமின மாதிரி," என்றாள்.

"பிள்ளையாரை எடுத்தது நான்தான்! சீனியம்மா எடுக்கேல்ல! அவ சொன்னது உண்மை!"

மூன்றாம் மாடியில் ரிஸ்லாவின் தலை தெரிந்தது. ஐந்தாம் மாடியில் ஒரு யன்னல் திறந்தது. ஆறாம் மாடியில் பேராசிரியர் துவாயோடு வந்து நின்றார்.

"ஏழாம் மாடிக்கு இன்னும் போகலைங்க ஐயா," என்றாள் சீனியம்மா. "அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு வாட்டி."

அவர் இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தரம் முதலாம் மாடியிலிருந்து எட்டாம் மாடிவரை ஒரு யன்னலும் பூட்டியிருக்கவில்லை.

சீனியம்மா வேனுக்குப் போய்ப் பேக்கை இறக்கினாள்.

"போறதா இல்லையாக்கா?" என்று கேட்டான் வேன்காரன்.

"நீ போ தம்பி. எனக்கு அரிசி ஊறுது."